ஆறாத கால் புண்: ஸ்டெம் செல் ஊசியா, ஓய்வும் மருந்துக்கட்டுமா, சத்திரசிகிச்சையா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகன் என்னைப் பார்க்க வந்தார். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்பவர். அம்மா கொழுந்து எடுப்பவர்; சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து பதினொரு வருடம். வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு புண். நான்கு மாதமாக ஆறவில்லை. யாரோ அனுப்பிய காணொளி ஒன்றைத் தொலைபேசியில் காட்டினார். சென்னையில் ஸ்டெம் செல் (வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு) ஊசி போட்டுக் கால் காப்பாற்றப்பட்டதாகச் சொல்லும் விளம்பரம். அக்காவின் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மிஸ், இதைப் போட்டால் அம்மாவின் கால் மிஞ்சுமா?"

பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாதத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? இல்லை. "அம்மா இப்போது எங்கே?" என்றேன். "மலைக்குப் போயிருக்கிறார்" என்றார். அந்தப் புண்ணோடு அன்றைக்கும் கொழுந்து எடுக்கப் போயிருந்தார் அந்த அம்மா.

இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது குடும்பம் அது. பத்தொன்பது வருடமாக மருந்து கட்டும் அறையில் நிற்கும் தாதி என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் அவசரமாகச் சொன்னதை இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

நீரிழிவுக் கால் புண் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று கேடுகள் இருக்கின்றன. முதலாவது, நரம்பு மரத்துப்போதல். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்தினாலும், அட்டை கடித்த இடம் சீழ் வைத்தாலும், மார்கழிக் குளிரில் அடுப்போரம் நீட்டிய பாதம் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. இரண்டாவது, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுதல். மூன்றாவது, கிருமி. அது தோலோடு நிற்கலாம், எலும்பு வரைக்கும் இறங்கியும் இருக்கலாம். ஒருவருக்கு ஒரு கேடு மட்டும் இருக்கும். இன்னொருவருக்கு மூன்றும் சேர்ந்திருக்கும்.

ஆகவே எந்தச் சிகிச்சையைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் காலின் எந்தக் கேட்டை அது தீர்க்கிறது என்பது. இரண்டாவது, அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு இருக்கிறதா என்பது. மூன்றாவது, மொத்தச் செலவு. பஸ் காசு, இழக்கும் பேர் (ஒரு நாள் வேலைக்கான சம்பளம்), கூடப் போகிறவர் இழக்கும் பேர் எல்லாம் இதில் சேரும். நான்காவது, தோட்டத்திலிருந்து தொடர்ந்து போய்வரக்கூடிய இடத்தில் அது கிடைக்கிறதா என்பது. ஐந்தாவது, தோற்றால் என்ன மிஞ்சும் என்பது. இந்த ஐந்தாவதுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கிருமி பரவத் தொடங்கினால் ஒரு பாதம் சில நாட்களில் கைவிட்டுப் போய்விடும். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம், போன வாரங்களைத் திருப்ப முடியாது.

நரம்பின் நிலையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது. ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் கால் மரத்திருக்கிறது என்று கொள்ளலாம். இரத்த ஓட்டத்தை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். நீரிழிவில் குழாயின் சுவர் இறுகிவிடுவதால் அந்த அளவு சில நேரம் பொய்யாக நல்லதாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

| வழி | எந்தக் கேட்டுக்கு | சான்று | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மருந்துக்கட்டும் பாரம் நீக்குதலும் | நரம்பு, அழுத்தம், கிருமி | உறுதியானது | இழக்கும் நாள் சம்பளம் |
| இரத்தக் குழாயைத் திறத்தல் | குழாய் அடைப்பு | அடைப்பு இருந்தால் உறுதியானது | கண்டி, கொழும்புப் பயணம், காத்திருப்பு |
| ஸ்டெம் செல் | சிறு குழாய்கள், ஆறும் வேகம் | சிறிய ஆய்வுகள், முரண்பட்ட முடிவுகள் | கடன், பயணம், தவறிப்போகும் வாரங்கள் |
| விரலை எடுத்தல் | இறந்த தசை, எலும்புக் கிருமி | தேவைப்படும் இடத்தில் உறுதியானது | பக்கத்து விரல்களுக்கு மாறும் பாரம் |

மருந்துக்கட்டும் பாரம் நீக்குதலும்

இதைச் சாதாரணம் என்று எண்ணித்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மருந்துக்கட்டு என்றால் துணி மாற்றுவது மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு வேலைகள்: புண்ணைச் சுற்றித் தடித்த தோலையும் இறந்த தசையையும் கத்தியால் சீவி எடுப்பது, கிருமி இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது, சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது, புண்ணின் மேல் விழும் பாரத்தை நீக்குவது. முதல் மூன்றும் நடந்து நான்காவது நடக்காவிட்டால் உள்ளங்கால் புண் ஆறாது. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை அந்தக் குற்றி அளவு இடத்தை அழுத்துகிறது. மலைச்சரிவில் கொழுந்துக் கூடையும் சேர்ந்துகொள்கிறது.

பாரம் நீக்க உலகம் முழுவதும் முதலாவதாகச் சொல்லப்படுவது முழங்கால் வரை வரும், நோயாளர் தாமாகக் கழற்ற முடியாத கட்டு. பாதம் முழுவதையும் ஒட்டிப் பிடிக்கும் பிளாஸ்டர் கட்டு அதில் ஒரு வகை. இந்த முறை பிறந்தது நம்மைப் போன்றவர்களின் கால்களில்தான். தொழுநோயால் மரத்த பாதங்களில் வந்த புண்களுக்காக இந்தியாவிலும் இலங்கையிலும் கையாளப்பட்டு, வேலூரில் பணியாற்றிய சத்திரசிகிச்சை வைத்தியர் போல் பிராண்ட் வழியாக 1960களில் அமெரிக்காவுக்குப் போய், பிறகு நீரிழிவுக் கால்களுக்கு வந்தது. காலுக்கு இரத்தம் சரியாக வராதவருக்கும், கடுமையான கிருமி உள்ளவருக்கும் இந்தக் கட்டைப் போடக் கூடாது.

மலையகத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பாதைக்கு இறங்கப் படிகள், மலசலகூடம் வெளியே, ஆடி மழையில் வழுக்கும் மண். பிளாஸ்டர் கட்டோடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் என்ன பயன்? அப்படிப்பட்ட வீட்டுக்கு, கழற்றக்கூடிய காலணியும், புண்ணைச் சுற்றி ஒட்டும் தடித்த பஞ்சுத் துணியும், ஊன்றுகோலும், இரவுக்குக் கட்டிலருகே ஒரு வாளியும் என்று நான் ஏற்பாடு செய்யச் சொல்வேன். வெந்நீரில் காலை ஊறவைக்கும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்தச் சொல்வேன். மரத்த காலுக்கு நீரின் சூடு தெரியாது.

செலவுக்கு வருவோம். அரச வைத்தியசாலையில் மருந்துக்கட்டு இலவசம். விலை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மாதம் மலைக்குப் போகாமல் இருந்தால், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், 72 பேர் போகும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டாலே 97,200 ரூபாய். இந்தக் காசு இல்லாததால்தான் அந்த அம்மா புண்ணோடு மலையில் நின்றார். ஊசிக்காக அதைப் போலப் பல மடங்கு கடன் வாங்கத் துணியும் குடும்பம், அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதற்காகக் கடன் வாங்க நினைப்பதில்லை. அது செலவாகவே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு இந்த வேலையில் மிகவும் வலிக்கும் விடயம் இதுதான்.

வைத்தியரிடம் சான்றிதழ் கேளுங்கள். தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கொடுக்க முடியுமா என்று தொழிற்சங்கத்தார் மூலம் கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. கேட்ட இடங்கள் சிலவற்றில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரியாகப் போகிறதா என்று அறிய ஓர் அளவுகோல் இருக்கிறது. முதல் நாள் புண்ணின் நீள அகலத்தை எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்திருந்தால் பன்னிரண்டு வாரத்தில் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. குறையவில்லை என்றால், அதே கட்டைத் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஏதோ ஒரு கேட்டை நாம் தவறவிட்டிருக்கிறோம்.

இரத்தக் குழாயைத் திறத்தல்

பாதம் குளிர்ந்து, நாடி கிடைக்காமல், விரல் நுனி கறுக்கத் தொடங்கினால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஸ்கேனில் அடைப்பு எங்கே என்று பார்த்து, பலூன் வைத்து விரிப்பார்கள். முடியாவிட்டால் மாற்றுக் குழாய் பொருத்துவார்கள். கண்டி, கொழும்பு போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குப் போக வேண்டியிருக்கும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ பார்க்கும் வைத்தியரிடம், "இரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்கக் கண்டிக்கு அனுப்ப முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரத்தம் வராத காலில் எந்த மருந்தும் எந்த உயிரணுவும் வேலை செய்வது கடினம். இந்தச் சத்திரசிகிச்சையும் எல்லாருக்கும் பொருந்தாது. முழங்காலுக்குக் கீழே மெல்லிய குழாய்கள் நீளமாக அடைபட்டவர்களுக்குச் செய்ய இடமில்லாமல் போகலாம். திறந்த குழாய் மறுபடி அடைபடவும் கூடும். புகைப்பவர் நிறுத்தாவிட்டால் அது விரைவில் நடக்கும்.

ஸ்டெம் செல்

தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். எலும்பு மச்சை, வயிற்றுக் கொழுப்பு, பிரசவத்தின் பின் கிடைக்கும் தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுப்பார்கள். புண்ணைச் சுற்றியும் கெண்டைக்கால் தசையிலும் பல இடங்களில் ஊசியாகப் போடலாம், இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தலாம், மெல்லிய தகடாகப் புண்ணின் மேல் ஒட்டலாம். போட்ட அணுக்களே புதிய தோலாக வளர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அவை சில நாட்கள் அங்கே இருந்து, சிறு இரத்தக் குழாய்கள் முளைக்கவும் அழற்சி தணியவும் சைகை தரும் பொருள்களைச் சுரக்கின்றன. வேலையைச் செய்வது அந்தச் சுரப்புத்தான். நீரிழிவு பல வருடம் இருந்த உடம்பில் சொந்த அணுக்களின் இந்தத் திறனும் குன்றியிருக்கும். வேறொருவரின் அணுக்களை ஆய்வாளர்கள் நாடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சான்று என்ன சொல்கிறது? 2002இல் ஜப்பானிய வைத்தியர்கள் எலும்பு மச்சை அணுக்களைக் கெண்டைக்காலில் போட்டு, இரத்த ஓட்டம் கூடியதாக வெளியிட்டபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. பிறகு நெதர்லாந்தில் குழாய் கடுமையாக அடைபட்ட 160 பேரிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பாதிப் பேருக்கு மச்சை அணுக்கள், பாதிப் பேருக்குப் போலித் திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. 2015இல் வந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் கால் இழந்தவர்களின் எண்ணிக்கையில் அணுக்களால் எந்த நன்மையும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011இல் வந்த சீன ஆய்வு ஒன்றில், மச்சையிலிருந்து பிரித்து வளர்த்த ஒரு வகை ஸ்டெம் செல், மச்சையிலிருந்து எடுத்த அணுக்களை வளர்க்காமல் போடுவதைவிடப் புண்ணை வேகமாக ஆற்றியது. 2019இல் வெளிவந்த கொரிய ஆய்வில் 59 பேர். மற்றவரின் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்கள் கொண்ட தகட்டை ஒட்டியவர்களில் 82 வீதமானோருக்குப் பன்னிரண்டு வாரத்தில் புண் முழுதாக மூடியது. அணு இல்லாத தகட்டைப் பெற்றவர்களில் 53 வீதம். நல்ல செய்திதான், நானும் மகிழ்கிறேன். அந்த 53ஐயும் பாருங்கள். ஒழுங்கான பராமரிப்புக் கிடைத்தபோது, ஸ்டெம் செல் இல்லாமலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறியிருக்கிறது. நம் தோட்டத்து அம்மாவுக்கு அந்தப் பராமரிப்பே இன்னும் தொடங்கவில்லை.

இப்படியான ஆய்வுகளில் பொதுவாக எலும்புக் கிருமி உள்ளவர்களையும் சீனி கட்டுக்கடங்காதவர்களையும் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த 82 வீதத்தை எந்தக் காலுக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

இந்தியாவுக்குப் போக நினைப்பவர்கள் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, இரத்த நோய்களுக்குச் செய்யும் மச்சை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சை தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பதைத் தொழில்முறைத் தவறாகவே கருதுகிறது. அங்கே அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்து ஒன்று உண்டு: பெங்களூரு நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல். 2016இல் பேர்ஜர் நோயாளருக்கு (புகைப்பவர்களின் கை கால் குழாய்கள் அழன்று அடைபடும் நோய்) அதற்கு முதல் அனுமதி கிடைத்தது. அது கால் குழாய் கடுமையாக அடைபட்டவர்களுக்கானது. மரத்த பாதத்தில் அழுத்தத்தால் வந்த புண்ணுக்கான மருந்து அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் காட்டுவோர் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகள்: கடவுச்சீட்டு, விசா, கூடப் போகிறவரின் பயணம், தங்கும் அறை. ஒரே ஊசியில் முடியாமல் இரண்டாவது, மூன்றாவது என்று நீளலாம். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் உள்ளே என்ன போட்டார்கள் என்று இங்குள்ள வைத்தியருக்குத் தெரியாது. பதுளைப் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படிப் போய்வந்தார். ஊசிக்குக் காத்திருந்ததும் போட்டுவிட்டுப் பார்த்திருந்ததுமாக ஏழு வாரம் போனது. அந்த ஏழு வாரத்தில் எலும்புக்குள் இருந்த கிருமியை யாரும் தேடவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஊசிதான் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். காலம் போனதுதான் கெடுத்தது.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? குழாயைத் திறக்க வழியில்லை என்று நிபுணர் சொன்னவருக்கு. அல்லது பாரம் நீக்கி, கிருமி நீங்கி, சீனி அடங்கியும் மூன்று நான்கு மாதமாகப் புண் அசையாதவருக்கு. அவர்களும் பதிவு செய்யப்பட்ட ஆய்வு ஒன்றில் சேர்வதே நல்லது. இலங்கையிலும் மருத்துவச் சோதனைகளுக்குப் பதிவேடு இருக்கிறது. உண்மையான ஆய்வில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளரிடம் பணம் கேட்க மாட்டார்கள். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே வரிசையில் விற்கப்படும் மற்றவை

சொந்த இரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துப் போடும் சிகிச்சையைச் சில இடங்களில் ஸ்டெம் செல் என்றே சொல்லி விற்கிறார்கள். அது வேறு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நீரிழிவுப் புண்ணுக்கு அனுமதி பெற்ற அப்லிகிராஃப் போன்ற உயிருள்ள தோல் மாற்றுகளும் ஸ்டெம் செல் அல்ல. புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வெற்றிட இயந்திரம், சத்திரசிகிச்சைக்குப் பின் திறந்திருக்கும் பெரிய புண்ணுக்கு நல்லது. சிறிய உள்ளங்கால் புண்ணுக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

விரலை எடுத்தல்

இந்தச் சொல்லைக் கேட்டவுடன் குடும்பங்கள் வைத்தியசாலையை விட்டு ஓடுகின்றன. அந்தப் பயத்திலிருந்துதான் விளம்பரங்கள் காசு பார்க்கின்றன. விரல் கறுத்து இறந்திருந்தால், எலும்பு உளுத்துச் சீழ் வடிந்தால், விரலை எடுப்பது பாதத்தைக் காப்பதற்காக. தள்ளிப்போட்டவர்கள் ஒரு விரலுக்குப் பதில் பாதத்தையே கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. பெருவிரல் போனால் பாரம் பக்கத்து விரல்களின் அடிக்கு மாறி, அங்கே புதுப் புண் வரலாம். அதற்கேற்ற செருப்பு உடனே வேண்டும். விரலை எடுக்குமுன் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் இல்லாத பாதத்தில் எடுத்த இடமே ஆறாது.

எந்த வழியில் ஆறினாலும், ஆறியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்பி வருகிறது. சிவனொளிபாத மலை ஏற்றம், தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதிப்பு, கதிர்காமத்துக்கு வெறுங்கால் நடை ஆகிய மூன்றையும் மரத்த கால் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். நேர்த்தியை அம்மனுக்கு வேறு விதமாகச் செலுத்தலாம். விரலிடுக்கில் வார் உராயும் ரப்பர் செருப்பு வேண்டாம். தினமும் இரவில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் வேறொருவர் பார்க்க வேண்டும். அட்டை ஏறிய நாளில் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

காய்ச்சல், பாதம் முழுவதும் வீங்கிச் சிவத்தல், கெட்ட வாடை, கறுப்பு நிறம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து அன்றைக்கே போய்விடுங்கள்.

அந்த மகன் நகையை அடகு வைக்கவில்லை. கடையில் முற்பணம் வாங்கி, அம்மாவின் மூன்று மாதச் சம்பளத்தை மாதா மாதம் அனுப்புவதென்று முடிவெடுத்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, நாடியும் இருந்தது. அடிப்பாதத்தில் துளை வெட்டிய காலணியோடு அம்மா ஆறு வாரமாக லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கடந்த செவ்வாய்க்கிழமை அளந்தபோது புண் முந்திய பரப்பில் மூன்றில் ஒன்றாக இருந்தது. "பிள்ளை, பங்குனிக்குள் மலைக்குப் போகலாமா?" என்று கேட்டார். இன்னும் ஆறு வாரம் என்றேன். முகம் வாடியது. மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த மாதமும் அனுப்புவதாகச் சொன்னார்.